கைவிடப்பட்ட மென்பொருளை யார் விற்கலாம்?

கேள்வி (சிவகாசி): சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். பழைய வேலைகள் அனைத்தும் அடோபி நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் உள்ளன. நிறுவனமே கைவிட்டுவிட்டதால் சிக்கல் வராது என்று சொல்லி, ஒரு கடைக்காரர் பேஜ்மேக்கர் 7.0 சிடியையும் சீரியல் எண்ணையும் 2,500 ரூபாய்க்கு விற்றார். அது நகல் சிடி என்று பிறகுதான் தெரிந்தது. பில் இருக்கிறது.

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். 2001-இல் வந்த 7.0-உடன் பேஜ்மேக்கரை நிறுத்திக்கொண்டு அடோபி, இன்டிசைன் என்ற வேறொரு மென்பொருளுக்கு மாறியது உண்மைதான். ஆனால் விற்பனையை நிறுத்துவது வேறு, பதிப்புரிமையைத் துறப்பது வேறு. உரிமையைத் துறக்க விரும்புபவர் பதிவாளருக்கோ பொது அறிவிப்பு மூலமாகவோ அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது.

திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது 63பி பிரிவின்படி குற்றம் என்பதால், அதை இன்றே நீக்கிவிடுங்கள். பில்லின் நகலுடன் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று கடைக்காரர் வாதிட்டால், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதை எடுத்துக்காட்டுங்கள்.

இலவசமான லிப்ரே ஆபீஸ் டிரா பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். தமிழ் எழுத்துரு சரியாக வருகிறதா என்று முதலில் ஒரே ஒரு கோப்பில் பாருங்கள்.

கேள்வி (கோவை): காசு கொடுத்து வாங்கிய பழைய கேம் சிடியை நகல் எடுத்து வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நண்பருக்குக் கொடுக்கக் கூடாது.

கேள்வி (மதுரை): கல்லூரியில் இன்னும் போர்லாண்ட் நிறுவனத்தின் பழைய நிரலாக்கக் கருவியான டர்போ சி++ 3.0-தான். போர்லாண்ட் இப்போது இல்லையே, அது பொதுச்சொத்துதானே?

பதில்: இல்லை. வீட்டுக்காரர் போனாலும் வாரிசு இருப்பார். போர்லாண்டின் நிரலாக்கக் கருவிகளை 2008-இல் எம்பார்காடெரோ வாங்கியது; அந்நிறுவனத்தை 2015-இல் ஐடெரா வாங்கியது. டர்போ சி 2.01 போன்ற சில பழைய பதிப்புகளை இலவசமாக இறக்கிக்கொள்ள வழிசெய்தது போர்லாண்டே, 3.0 அந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரிக்கு ஜிசிசி என்ற நிரல்தொகுப்பி (கம்பைலர்) போதும், அதற்குச் செலவும் இல்லை.

ஆனால் சட்டம் இப்படி இருப்பது எனக்கு உடன்பாடானதல்ல. கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கொண்டு, எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமையை நம் சட்டம் தருகிறது; அமெரிக்காவில் நிறுவனத்துக்காக எழுதப்பட்ட நிரலுக்கு, வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள். பத்து ஆண்டுகூடப் பராமரிக்கப்படாத பொருளுக்கு இவ்வளவு நீண்ட காவல் யாருக்குப் பயன்படுகிறது? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருளைப் பெரிய விலை கொடுத்து வாங்கினேன். பிரிண்டர் போர்ட்டில் ஒரு பூட்டைச் செருகினால்தான் அது இயங்கும். புதிய கணினியில் அந்தப் போர்ட்டே இல்லை. விற்றவர்கள் கடையை மூடிவிட்டார்கள். அதில் நான் கோத்த இரண்டு நூல்களை மறுபடி தட்டச்சு செய்ய நேர்ந்தது. விற்பதை நிறுத்துபவர், குறிப்பிட்ட காலத்துக்குள் பூட்டை நீக்கவோ நிரலை வெளியிடவோ வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் பழைய இயங்குதளமான எம்.எஸ்.டாஸின் மூல நிரல்களை, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் எம்.ஐ.டி. உரிமத்தில், 2018-இல் 1.25, 2.0 பதிப்புகளையும் 2024-இல் 4.0 பதிப்பையும், வெளியிட்டது. அதனால் அந்நிறுவனம் நொடித்துப்போய்விடவில்லை.

கேள்வி (திருநெல்வேலி): ‘500 பழைய கேம்கள், அபாண்டன்வேர், சட்டப்படி இலவசம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து 799 ரூபாய்க்கு பென் டிரைவ் வாங்கினேன். பாதி ஓடவில்லை. பில் தரவில்லை.

பதில்: இலவசம் என்று அவரே எழுதிய பொருளுக்கு எதற்காகப் பணம் என்று கேட்டிருக்க வேண்டும், பில்லும் கேட்டிருக்க வேண்டும். அபாண்டன்வேர், அதாவது கைவிடப்பட்ட மென்பொருள், என்ற சொல் நம் சட்டத்தில் இல்லை. பணம் அனுப்பிய விவரமும் விளம்பரத்தின் படமும் இருந்தால் 1915 எண்ணில் புகாரைப் பதியுங்கள். அந்த பென் டிரைவை வீட்டுக் கணினியில் இனிச் செருகாதீர்கள்.