டீச்சரிடம் கேளுங்கள்: உட்கரு இல்லாத சிவப்பணு

செல்லை ஆள்வது உட்கரு என்று என் மகளின் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. சில பக்கம் தள்ளி, மனித ரத்தச் சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது என்கிறார்கள். அப்புறம் அது எப்படி வேலை பார்க்கும், டீச்சர்?
– ஒரு தாய், கோவில்பட்டி

மகளின் சந்தேகம் நியாயமானது. நான் பிளஸ் ஒன்னுக்கு விலங்கியல் எடுத்த காலத்தில், இந்தப் பாடத்துக்கு முந்தின நாளே கோழிக்கடையில் சொல்லி வைப்பேன். சோடியம் சிட்ரேட் போட்ட சின்னக் குப்பியைக் கொடுத்தால், உறையாமல் கொஞ்சம் ரத்தம் பிடித்துத் தருவார்கள். “பொரியலுக்குப் பத்தாதே டீச்சர்” என்று கிண்டல் வேறு. ஒரு ஸ்லைடில் கோழி ரத்தம், இன்னொன்றில் என் விரலில் குத்தி எடுத்தது. இரண்டுக்கும் லீஷ்மன் சாயம். கோழியின் சிவப்பணு நீள்வட்டமாக, நடுவில் ஊதா நிற உட்கருவோடு பளிச்சென்று தெரியும். என்னுடையது வட்டம்; நடுவில் வெளிறிய குழி, அவ்வளவுதான். பிள்ளைகள் கோழியை மரியாதையோடு பார்க்க ஆரம்பிப்பது அன்றைக்குத்தான்.

நம் சிவப்பணுவும் தொடக்கத்தில் உட்கருவோடுதான் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் வளரும்போது, ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினைத் தயாரித்துத் தன்னை நிரப்பிக்கொள்கிறது. ரத்தத்துக்கு வருவதற்கு முன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் விழுங்கு செல் அதைத் தின்றுவிடும். கொஞ்ச நாளில், ஆக்சிஜனைச் செலவழித்துச் செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் போய்விடும். கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொள்வதுபோல, வேண்டிய புரதமெல்லாம் முன்பே செய்து வைத்தாகிவிட்டது. மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமக்கிற ஆக்சிஜனில் அது கைவைப்பதும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துப் பிழைத்துக்கொள்கிறது. தன் குறுக்களவைவிடச் சிறிய தந்துகிக்குள்ளும் (மிக மெல்லிய ரத்தக்குழாய்) வளைந்து நெளிந்து போய்விடும். அதன் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர்.

“உட்கரு இல்லாவிட்டால்தான் ஆக்சிஜனை நன்றாகச் சுமக்கலாம்” என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். எனக்கு அது முழு விடையாகத் தோன்றியதில்லை. உட்கருவோடு இருக்கும் சிவப்பணுவை வைத்துக்கொண்டே பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கின்றனவே! பாலூட்டிகள் வேறு வழியில் போயின, அவ்வளவுதான் சொல்லலாம். இன்னொன்று: “ஒட்டகத்தின் சிவப்பணுவுக்கு மட்டும் உட்கரு உண்டு” என்று பழைய நோட்ஸ்களில் இருக்கும். தவறு. ஒட்டகத்துக்கு வடிவம்தான் நீள்வட்டம், உட்கரு கிடையாது.

உட்கருவை விட்டதற்கு விலையும் உண்டு. பழுது பார்க்க முடியாது, இரண்டாகப் பிரியவும் முடியாது. சுமார் 120 நாளில் விறைத்துப்போகும். மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் நுழைய முடியாமல் மாட்டிக்கொள்ளும் கிழச் செல்களை அங்கே இருக்கும் விழுங்கு செல்கள் தின்றுவிடுகின்றன. அதை ஈடுகட்ட நம் மஜ்ஜை ஒரு விநாடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய சிவப்பணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது.

உட்கரு இல்லையென்றால் ரத்தத்திலிருந்து டிஎன்ஏ சோதனை எப்படிச் செய்கிறார்கள்?
– பிளஸ் டூ மாணவர், ஆம்பூர்

வெள்ளையணுக்களிலிருந்து. அவற்றுக்கு உட்கரு உண்டு. எண்ணிக்கையில் சிவப்பணுவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, ஆனாலும் சோதனைக்கு ஒரு துளியில் இருப்பதே போதும்.

சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி பார்க்கிறார்கள். அதென்ன மூன்று மாதக் கணக்கு? சோதனைக்கு முன் இரண்டு நாள் இனிப்பை நிறுத்தினால் போதாதா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

போதாது ஐயா! அந்த மூன்று மாதம் சிவப்பணுவின் ஆயுளிலிருந்து வருவது. ரத்தத்தில் குளுக்கோஸ் அதிகமாக இருந்தால் அது ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்தச் செல் சாகும்வரை பெரும்பாலும் விடாது. எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஹெச்பிஏ1சி. உங்கள் ரத்தத்தில் நேற்றுப் பிறந்த செல்லும் இருக்கிறது, பொங்கல் விருந்தைப் பார்த்த செல்லும் இருக்கிறது. எல்லாம் கலந்த கணக்கு என்றாலும் கடைசி ஒரு மாதத்துக்குத்தான் அதில் எடை அதிகம்.

செல்லின் ஆயுள் மாறினால் இந்தக் கணக்கும் ஏமாற்றும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிகிற நோய் இருந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவில் கூடுதலாகவும் காட்டலாம். ரத்தசோகை இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ரத்த தானம் செய்துவிட்டு வந்த மகனுக்குத் தினமும் பீட்ரூட் ஜூஸ் கொடுக்கிறேன். சரிதானே?
– ஒரு வாசகி, தாராபுரம்

கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். பீட்ரூட்டின் நிறம் பீட்டாலைன் என்ற சாயம். அதற்கும் ஹீமோகுளோபினுக்கும் உறவே கிடையாது.

எடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் சரியாகிவிடும். சிவப்பணு பழைய எண்ணிக்கைக்கு வரச் சில வாரம் ஆகும். அதனால்தான் நம் நாட்டில் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உடம்பு இரும்பைச் சும்மா வெளியே விடாது. செத்த சிவப்பணுவிலிருந்து எடுத்துப் புதிய செல்லுக்குக் கொடுத்துவிடும். உணவிலிருந்து ஒரு நாளைக்கு உள்ளே போவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். தானத்தில் போனதோ மொத்தமாகப் போய்விட்டது, அது மெதுவாகத்தான் நிரம்பும். ஈரல், மீன், கீரை, பயறு எல்லாம் நல்லது. கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதைச் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை.

சிறுநீர் ஏன் மஞ்சளாக இருக்கிறது? வெட்கத்தோடுதான் கேட்கிறேன்.
– பெயர் வேண்டாம், சேலம்

வெட்கம் எதற்கு? அதுவும் சிவப்பணு விவகாரம்தான். செத்த செல்லின் ஹீமோகுளோபினில் இரும்பை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள். கல்லீரல் அதைப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை மாற்றுகின்றன. அதில் ஒரு பகுதி சிறுநீரகம் வழியாக மஞ்சளாக வெளியேறுகிறது. மலத்தின் பழுப்பு நிறமும் இதே குடும்பத்துச் சாயம்தான். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று மின்னலடிக்கிற மஞ்சள் வந்தால் அது மாத்திரையில் இருக்கும் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின், பயப்பட வேண்டாம். கண்ணின் வெள்ளைப்பகுதியும் மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் கீழாநெல்லியைத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.