1930களின் லத்தீன் நடன இசையை எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

பேசும் படங்கள் வந்த காலத்து லத்தீன் நடன இசை எல்லாம் ஒன்றுபோலவே கேட்கிறது, எப்படி ரசிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 'எல் மனிசேரோ' என்ற பாட்டில் தொடங்குங்கள். கியூபாவின் மொய்செஸ் சிமோன்ஸ் இசையமைத்தது. டான் அஸ்பியாசு குழு 1930இல் நியூயார்க்கில் பதிவு செய்தது. பாடியவர் அந்தோனியோ மச்சின். தெருவில் கடலை விற்பவரின் கூவல்தான் பாட்டே. "மனீ..." (கடலை) என்று மச்சின் இழுக்கும் இடம் இன்றும் என்னைச் சொக்க வைக்கும்.

முதல் தடவை குரலை மட்டும் கேளுங்கள். அப்புறம் குரலை விட்டுவிட்டு, இரண்டு மரக்குச்சிகளைத் தட்டி எழுப்பும் 'கிளாவே' தாளத்தைப் பின்தொடருங்கள். இரண்டு தட்டு, பிறகு மூன்று. ஐந்தும் சேர்ந்தால் ஒரு சுற்று. கூடவே கை தட்டுங்கள். அது பிடிபட்டால் மற்ற வாத்தியங்கள் அதைச் சுற்றி எப்படி நடக்கின்றன என்பது தானாகப் புரியும். இரைச்சலை அதிகமாக வடிகட்டிய பதிப்புகள் வேண்டாம், குச்சியின் கூர்மையும் சேர்ந்து போய்விடும்.

சரி, இந்த இசையைப் படத்தில் பார்க்க வேண்டுமா? 1933இல் வந்த 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ'வில் 'கரியோகா' நடனத்தைப் பாருங்கள். ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் நெற்றியோடு நெற்றி ஒட்டி ஆடுவார்கள். இருவரும் சேர்ந்து நடித்த முதல் படம் அது. அர்ஜென்டினாவின் நடன இசையான டாங்கோ வேண்டுமென்றால், அதன் புகழ்பெற்ற பாடகர் கார்லோஸ் கர்தெல் நடித்து 1935இல் வந்த படங்களுக்குப் போங்கள்.