சேருமா, சேராதா? ரத்த வகை பற்றிய கேள்வி பதில்

ரத்த வங்கியின் சோதனைக் கூடத்தில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ரத்த வகை பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் சிகிச்சையை உங்களைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: அக்கா, எல்லார் ரத்தமும் சிவப்புதானே? ஒருவருடையது இன்னொருவருக்கு ஏன் சேருவதில்லை?

சிவப்பணுவின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் முளைத்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லா மனிதர்களுக்கும் அடிச்சங்கிலி ஒன்றுதான், அதற்கு எச் என்று பெயர். அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரை ஒட்டினால் ஏ. வேறொரு வகை ஒட்டினால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. எதுவும் ஒட்டாமல் எச் மட்டும் நின்றால் ஓ. இவ்வளவு சின்ன வித்தியாசம்தான், ஆனால் உடம்பு அதைக் கண்டுபிடித்துவிடும்.

நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலும் இதே போன்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றைப் பார்த்துப் பார்த்து, பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையின் உடம்பு தன்னிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். ஏ வகைக்காரரிடம் பி-க்கு எதிரானது இருக்கும். பி வகைக்காரரிடம் ஏ-க்கு எதிரானது. ஓ வகைக்காரரிடம் இரண்டும். ஏபி வகைக்காரரிடம் இரண்டுமே இல்லை. அதனால்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ரத்தம் ஏற்றும்போதே, வகை மாறினால் உயிருக்கு ஆபத்து வருகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு சொட்டு ரத்தம். ஒன்றில் ஏ-வைக் கண்டறியும் நீல நிற மருந்து, மற்றொன்றில் பி-யைக் கண்டறியும் மஞ்சள் நிற மருந்து. குச்சியால் கலக்கித் தட்டை மெதுவாக அசைத்தால், மருந்து தேடும் சர்க்கரை இருக்கும் சொட்டு சில நொடிகளிலேயே மணல் மணலாகத் திரியும். மற்றது வழவழப்பாக அப்படியே இருக்கும். இப்படித் திரிவதன் காரணத்தை 1901-ல் எழுதியவர் வியன்னாவில் வேலை பார்த்த கார்ல் லான்ஸ்டெய்னர். 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருக்கு முன்னால் ரத்தம் ஏற்றியவர்கள் சிலரைக் காப்பாற்றினார்கள், சிலரை இழந்தார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது.

கேள்வி: ஓ நெகட்டிவ் எல்லோருக்கும் சேரும் என்றால், எல்லோருக்கும் அதையே கொடுத்துவிடலாமே?

முதல் காரணம், அது அரிது. நெகட்டிவ் நோயாளிக்குப் பொதுவாக நெகட்டிவ்தான் வேண்டும். கண்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டால் அவர் வரும்போது அலமாரி காலியாக இருக்கும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. 'எல்லோருக்கும் சேரும்' என்பது சிவப்பணுவுக்கு மட்டுமே பொருந்தும். ஓ வகைக்காரரின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், ஏ-க்கும் பி-க்கும் எதிரான ஆன்டிபாடி இருக்கிறதே, அது ஏ வகை நோயாளிக்குப் போனால் அவருடைய சிவப்பணுவைத் தாக்கும். ஆகவே பிளாஸ்மாவுக்கு அட்டவணை அப்படியே தலைகீழ். ஏபி வகைக்காரரின் பிளாஸ்மா எல்லோருக்கும் சேரும், ஓ வகைக்காரருடையது ஓ வகைக்கு மட்டும். "நான் ஏபி, என் ரத்தம் யாருக்கும் பயன்படாது" என்று கவலைப்பட்டு எழுதியிருந்தாரே ஒரு தம்பி, உங்கள் பிளாஸ்மாவுக்கு எங்களிடம் தனி மரியாதை உண்டு.

விபத்தில் அடிபட்டு வருகிறவரின் வகை பார்க்க நேரமில்லாதபோது ஓ நெகட்டிவ் சிவப்பணு கொடுக்கிறோம். ஆண்களுக்கும் வயதான பெண்களுக்கும் பல இடங்களில் ஓ பாசிட்டிவே கொடுப்பார்கள். எதைக் கொடுத்தாலும், பையைத் தொங்கவிடும் முன் சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு எடுத்தால் இரண்டு பேரின் ரத்தம் கலந்து வந்து எங்களைக் குழப்பும்.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் ஒரே குரூப். குழந்தைக்குப் பாதிப்பு வருமா?

வராதுமா. ஒரே வகை என்பதால் எந்தக் குறையும் வராது. நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்வதால் வரும் பரம்பரை நோய்கள் வேறு விஷயம், அதற்கும் ரத்த வகைக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: நான் ஏ நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ். நான்காவது மாதம். எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பயப்படாதீர்கள், ஆனால் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது ஆர்எச் டி என்ற புரதம் சிவப்பணுவில் இருக்கிறதா இல்லையா என்பதுதான். ஏ, பி விஷயத்தைப் போல இதற்கு ஆன்டிபாடி தானாக உருவாகாது. பாசிட்டிவ் ரத்தம் உள்ளே வந்தால்தான் உருவாகும். உங்கள் குழந்தை பாசிட்டிவாக இருந்தால், பிரசவத்தின்போது அதன் ரத்தம் கொஞ்சம் உங்கள் உடம்பில் கலக்கும். உங்கள் உடம்பு ஆன்டிபாடி செய்யக் கற்றுக்கொள்வதற்குள் முதல் குழந்தை பெரும்பாலும் நல்லபடியாகப் பிறந்துவிடும். அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால் அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போய் அதன் சிவப்பணுக்களை அழிக்கும். கடுமையான ரத்தசோகை, மஞ்சள் காமாலை, சில சமயம் வயிற்றிலேயே மரணம். ஒரு காலத்தில் குழந்தைகளை அடுத்தடுத்து இழந்த தாய்மார்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

1968 முதல் இதற்கு ஊசி இருக்கிறது, ஆன்டி டி. 28-வது வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கருக்கலைந்தாலும், இடையில் ரத்தப்போக்கு வந்தாலும், வயிற்றில் அடிபட்டாலும் உடனே மருத்துவரிடம் நெகட்டிவ் என்று சொல்லுங்கள், அப்போதும் ஊசி தேவைப்படலாம். ஆன்டிபாடி உருவான பிறகு போட்டால் பலன் கிடையாது. அதனால்தான் ஊசிக்கு முன் உங்கள் ரத்தத்தில் அது இருக்கிறதா என்று இன்டைரக்ட் கூம்ப்ஸ் சோதனை செய்கிறோம்.

இந்த மருந்தைத் தொழிற்சாலையில் வெறும் ரசாயனத்தால் செய்ய முடியாது. டி-க்கு எதிரான ஆன்டிபாடி உள்ளவர்கள் தானமாகத் தரும் பிளாஸ்மாவிலிருந்துதான் பெரும்பாலும் பிரித்தெடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 14 வயதில் மார்பு அறுவை சிகிச்சைக்காக நிறைய ரத்தம் பெற்றார். அவருடைய பிளாஸ்மாவில் இந்த ஆன்டிபாடி இருந்தது. 18 வயதில் தானம் கொடுக்க ஆரம்பித்து, 81 வயதில் 2018-ல் நிறுத்தும்வரை 1,100 தடவைக்கு மேல் கொடுத்தார். ஆன்டி டி ஊசி பற்றிக் கேட்கும் ஒவ்வொரு தாயிடமும் அவரைப் பற்றிச் சொல்லிவிடுவேன்.

கேள்வி: நானும் மனைவியும் பி பாசிட்டிவ். குழந்தைக்கு ஓ நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. வீட்டில் பெரிய பிரச்சினை ஆகிவிட்டது.

தம்பி, முதலில் இந்தப் பதிலை வீட்டில் படித்துக் காட்டுங்கள். உங்கள் இருவருக்கும் ஓ மரபணு ஒவ்வொன்று மறைந்திருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தை ஓ ஆகும். நெகட்டிவும் அப்படித்தான், இரண்டு பாசிட்டிவ் பெற்றோருக்கு நெகட்டிவ் குழந்தை பிறப்பது சாதாரணம். பெற்றோரில் ஒருவர் ஏபியாக இருந்து குழந்தை ஓ என்று வந்தால்தான் நாங்கள் புருவத்தை உயர்த்துவோம். அதற்கும் அபூர்வமான மரபணுக் காரணங்கள் உண்டு. ரத்த வகை அறிக்கையை வைத்து யார் மேலும் பழி போடக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு ஆபரேஷன். வெளியாள் ரத்தம் வேண்டாம், மகன்களே கொடுக்கிறோம் என்கிறோம். ரத்த வங்கியில் தயங்குகிறார்கள். ஏன்?

அந்தத் தயக்கம் உங்கள் அப்பாவின் நன்மைக்குத்தான். தானமாக வரும் ரத்தத்தில் கொஞ்சம் வெள்ளையணுக்களும் இருக்கும். அந்நியருடையதை நோயாளியின் உடம்பு அடையாளம் கண்டு அழித்துவிடும். மகனுடையது அப்பாவின் உடம்புக்குத் தன்னுடையதைப் போலவே தெரியலாம். அதனால் விட்டுவிடும். ஆனால் மகனின் வெள்ளையணு சும்மா இருக்காது. அப்பாவின் தோல், கல்லீரல், குடல், எலும்பு மஜ்ஜை என்று தாக்க ஆரம்பிக்கும். மிக அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால் பிழைப்பவர் மிகக் குறைவு. ரத்தப் பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் இதைத் தடுக்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் உங்கள் ரத்தத்தை வேறொரு நோயாளிக்காகக் கொடுங்கள், அப்பாவுக்கு வேறொருவருடையது ஏறட்டும். இனிக் குழந்தை பெறப்போகும் பெண்ணுக்குக் கணவரின் ரத்தத்தை ஏற்றுவதையும் தவிர்ப்போம். அதனால் அவர் உடம்பில் உருவாகும் ஆன்டிபாடி பின்னால் அவர்களுடைய குழந்தையைத் தாக்கலாம்.

கேள்வி: பாம்பே குரூப் என்கிறார்களே, உண்மையில் அப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. முதல் கேள்வியில் எச் அடிச்சங்கிலி 'ஏறக்குறைய' எல்லோருக்கும் உண்டு என்றேன். இவர்களுக்கு அது கிடையாது. 1952-ல் பம்பாயில் மருத்துவர் ஒய்.எம். பெண்டேயும் உடன் இருந்தவர்களும் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். தட்டில் பார்த்தால் ஓ மாதிரியேதான் தெரியும். ஆனால் ஓ ரத்தமும் இவர்களுக்குச் சேராது, ஏனென்றால் இவர்கள் உடம்பு எச்-சையே எதிர்க்கும்.

எனக்கு ஒரு தடவை நேர்ந்தது. இரவுப் பணி. ஓ பாசிட்டிவ் என்று எழுதி ஒரு நோயாளியின் ரத்தம் வந்தது. ஓ பை ஒன்றை எடுத்து, அவர் ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனை செய்தேன், திரிந்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பையும் திரிந்தன. குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்தபடி நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அவர் ரத்தத்தில் எச் இருக்கிறதா என்று சோதித்தேன். இல்லை. அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொன்னோம். கூடப்பிறந்தவர்களுக்கும் அதே வகை அமைய வாய்ப்பு உண்டு என்பதால் அவர்களை வரவழைத்தோம். அக்காவுடையது சேர்ந்தது. உடன்பிறந்தவர் ரத்தமாயிற்றே, கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்றினார்கள். 'ஓ' என்று எழுதியிருக்கிறதே என்று கிராஸ் மேட்ச் செய்யாமல் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: பிளேட்லெட்டுக்கும் அதே குரூப் வேண்டுமா?

அதே வகை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வேறு வகையும் பெரும்பாலும் கொடுக்கலாம். சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி குளிரில் 35 அல்லது 42 நாட்கள் வைக்கலாம். பிளேட்லெட்டைக் குளிரில் வைக்காமல் 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைக்கிறோம். பொதுவாக 5 நாட்களுக்கு மேல் தாங்காது.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் நர்ஸ் வந்து பெயர் என்ன, பெயர் என்ன என்று கேட்கிறார். கையில் பட்டை கட்டியிருக்கிறார்களே, அதில் இல்லையா?

தயவுசெய்து சலித்துக்கொள்ளாதீர்கள். வகை மாறி ஏறும் விபத்துகளில் பெரும்பாலானவை சோதனையின் பிழையால் நடப்பவை அல்ல. ஒருவரின் ரத்தம் இன்னொருவர் பெயரில் வந்துவிடுவதாலும், ஒருவருக்கான பை இன்னொருவரிடம் போய்விடுவதாலும் நடப்பவை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். குழாய்கள் இரண்டிலும் பெயர்ச்சீட்டு அழகாக ஒட்டப்பட்டிருந்தது, சோதனையும் சரியாகவே வந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டியபோதுதான், ஒருவருக்குப் போன வருடம் பி என்றும் இப்போது ஏ என்றும் இருப்பதைப் பார்த்தேன். எலும்பு மஜ்ஜை மாற்றினால் தவிர வகை இப்படி மாறாது. மறுபடி ரத்தம் எடுத்து வரச் சொன்னோம். சீட்டுகள் மாறிப்போயிருந்தன. அன்றிலிருந்து பெயர் ஒன்றை மட்டும் நான் நம்புவதில்லை. பெயரோடு பதிவு எண்ணும் பிறந்த தேதியும் பொருந்த வேண்டும். நர்ஸ் "நீங்கள் ராணிதானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்று தலையாட்டாமல், உங்கள் முழுப்பெயரை நீங்களே சொல்லுங்கள். பையில் இருக்கும் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: ரத்தம் ஏறும்போது கூட இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் 15 நிமிடம் முக்கியம், அதனால்தான் மெதுவாக விடுவார்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், ஊசி இருக்கும் இடத்தில் எரிச்சல், சிவப்பாகவோ கறுப்பாகவோ சிறுநீர். இவற்றில் எது வந்தாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள். "என்னமோ பண்ணுது, பயமாக இருக்கு" என்று நோயாளி சொன்னால் அதையும் லேசாக எடுக்காதீர்கள், சிலருக்கு முதல் அறிகுறியே அதுதான். ரத்தத்தை உடனே நிறுத்தி, சலைன் மட்டும் ஓடவிட்டு, பையை எங்களிடம் திருப்பி அனுப்புவார்கள். எல்லாக் காய்ச்சலும் வகை மாறியதால் வருவதில்லை, அரிப்பு பெரும்பாலும் ஒவ்வாமையாகத்தான் இருக்கும். ஆனால் அதை நிறுத்திய பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ரத்த வகைக்கு ஏற்ற உணவு, குணம் என்றெல்லாம் சொல்கிறார்களே?

ஆதாரம் இல்லை.

கேள்வி: என் பர்ஸில் எப்போதும் குரூப் அட்டை வைத்திருக்கிறேன். அவசரத்தில் அதைப் பார்த்து ரத்தம் ஏற்றுவார்களா?

அட்டை இருப்பது நல்லதுதான், ஆள் தேடும்போது உதவும். ஏற்றுவதற்கு அது போதாது. ஏ, பி, ஆர்எச் தவிர கெல், டஃபி, கிட் என்று 40-க்கும் மேற்பட்ட வகைத் தொகுதிகள் இருக்கின்றன. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இவற்றில் எதற்காவது ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம். அதெல்லாம் அட்டையில் இருக்காது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு அடிக்கடி ஏற்ற வேண்டியிருப்பதால் இது பெரிய போராட்டம். அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ரத்தம் எடுத்து, கொடுக்கப்போகும் பையோடு சேர்த்துப் பார்க்கிறோம். கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் அந்த மாதிரியும் மூன்று நாளைக்குத்தான் செல்லும், பிறகு மறுபடி எடுப்போம். முழுச் சோதனைக்கு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். கதவுக்கு வெளியே காத்திருக்கும்போது அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நாங்கள் உள்ளே குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.