கென்யாவில் அனாதை இல்லம் கட்டக் காணிக்கை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் சபையில் கென்யாவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் கட்ட நிதி சேர்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஊழியங்களால் அங்குள்ள பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

பயன் உண்டு, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டடத்துக்கு என்று கேட்டால் கொடுக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2016 முதல் மூன்று வருடம் நைரோபிக்கு வெளியே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கான ஊழியம் என்றாலே டோனாவூர்தான் நினைவுக்கு வரும். ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே ஆரம்பித்த இல்லத்தைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். மதில், மரங்கள், வரிசையாகக் கட்டில்கள், இந்தப் படத்தோடுதான் விமானம் ஏறினேன். ஆனால் அங்கே என் மருந்து ஜன்னலுக்கு வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அப்படி வந்த ஒரு பையனுக்கு இரண்டு வயது, பத்து கிலோ எடை. எச்.ஐ.வி.யோடு பிறந்தவன். தாய் இறந்துவிட்டாள், தகப்பன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அப்போது லோபினாவிர்-ரிட்டோனாவிர் சிரப்தான் கொடுப்போம். அதில் 42 சதவீதம் ஆல்கஹால். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு, நாக்கில் ஒரு சொட்டு பட்டாலே பெரியவர்களுக்குக் குமட்டும். அதை ஒரு குழந்தைக்கு காலையில் 2 மில்லி, இரவில் 2 மில்லி, ஒரு வேளையும் தவறாமல் கொடுக்க வேண்டும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிரிஞ்சில் 2 மில்லி கோட்டின் மேல் சிவப்பு டேப்பை ஒட்டிக் கொடுத்தோம். முதலில் ஒரு விரல் பீநட் பட்டரை நாக்கில் தடவி, பிறகு மருந்து, பிறகு மறுபடி பீநட் பட்டர் என்று செவிலியர் செய்து காட்டினார். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பாட்டி பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். கடிகாரம் இல்லை. கோழி கூவினால் ஒரு வேளை, ரேடியோவில் ஏழு மணிச் செய்தி ஆரம்பித்தால் இன்னொரு வேளை. ஒவ்வொரு மாதமும் மிச்சமிருக்கும் மருந்தை அளந்து பார்ப்பது என் வேலை. அந்த ஷோஷோவின் பாட்டிலில் (பாட்டியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அளவு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எந்த விடுதிக் காப்பாளரிடமும் இந்தக் கவனத்தை நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டுக்கு மிஷன் செய்தது இவ்வளவுதான்: மருந்து, ஆஸ்பத்திரிக்கு வர மட்டாட்டு வேன் கட்டணம், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஒரு சகோதரி, மூத்த பேத்திக்குப் பள்ளிச் சீருடை. 2003 முதல் அங்கே அரசு ஆரம்பப் பள்ளிகளில் கட்டணம் இல்லை. ஆனாலும் சீருடை இல்லாமல் நின்றுபோகும் பிள்ளைகள் நிறைய.

இல்லங்களே தேவைப்படவில்லை என்று சொல்ல வரவில்லை. இதில் நைரோபியின் நியும்பானி இல்லத்தின் கதையை அவசியம் சொல்ல வேண்டும். ஏஞ்சலோ டி'அகோஸ்டினோ என்ற அமெரிக்க இயேசு சபைப் பாதிரியார், அவர் மருத்துவரும்கூட, 1992இல் அதை ஆரம்பித்தார். எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளை உறவினர்களே தொடப் பயந்த காலம் அது. நியும்பானி என்றால் சுவாஹிலியில் 'வீட்டில்' என்று அர்த்தம். ஆரம்ப வருடங்களில் அங்கே வந்த பிள்ளைகள் சாவதற்கென்றே வந்தவர்கள் போலத்தான். பிறகு கூட்டு மருந்து உலகத்தில் வந்தது, ஆனால் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல். 2001இல் நம் மும்பை சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. மருந்துக் கம்பெனிகளின் காப்புரிமைச் சண்டை முடியட்டும் என்று பாதிரியார் காத்திருக்கவில்லை. இந்தியாவிலிருந்து மருந்தை வரவழைக்கப் போகிறேன் என்று அந்த வருடமே வெளிப்படையாக அறிவித்தார். பிழைத்த பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டிய வயது வந்ததும் பள்ளிகள் சேர்க்க மறுத்தன. வழக்குப் போட்டு, 2004இல் அந்தக் கதவையும் திறக்க வைத்தார்கள். நாங்கள் சி.எஸ்.ஐ., அவர் கத்தோலிக்கர். ஆனாலும் என் மனதில் அவருக்கு எந்த மிஷனரிக்கும் குறையாத இடம் உண்டு.

அதைவிட முக்கியமானது, அவர்கள் இல்லத்தோடு நின்றுவிடவில்லை. 'லேயா டோட்டோ' என்ற பெயரில் நைரோபியின் சேரிகளுக்குள்ளேயே போய், வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவம் பார்த்தார்கள். கிட்டுயி பகுதியில் ஆயிரம் ஏக்கரில் ஒரு கிராமத்தையே உருவாக்கினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த முதியவர்களையும் பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் சேர்த்து, ஒரு பாட்டி அல்லது தாத்தாவுக்குப் பத்துப் பிள்ளைகள் போல் வீடு வீடாகக் குடிவைத்தார்கள். யாக்கோபு நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதே சுத்தமான பக்தி என்று வருகிறதே, அந்த வசனத்தில் பிள்ளையும் விதவையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை நான் கவனித்தது கென்யாவுக்குப் போன பிறகுதான். விசாரிப்பது என்றால் நாம் தேடிப் போவது. அவர்களைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு வருவது அல்ல.

வேறு மாதிரி இடத்தையும் பார்த்தேன். விருந்தினர் வந்தால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாடவைக்கும் ஒரு இல்லம். பெயர் வேண்டாம். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பெண் எனக்குத் தெரிந்த அரைகுறை சுவாஹிலிக்கு ஏற்ப மெதுவாகச் சொன்னாள்: "அம்மா மார்க்கெட்டில் தக்காளி விற்கிறாள்." சுவரில் அவள் படத்துக்குக் கீழே அனாதை என்று எழுதியிருந்தது. தாய்க்குச் சோறு போட வழியில்லை, இல்லத்துக்குப் படம் தேவை, அதற்காக ஒரு பிள்ளை தாயைவிட்டு வளர்கிறாள். அன்றைக்கு நான் கொண்டுபோன காணிக்கைக் கவரைக் கொடுக்காமல் திரும்பினேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது.

இது அங்குள்ள அரசுக்கும் தெரியும். புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை கென்யா 2017 நவம்பரில் நிறுத்தியது. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்புவதற்கென்று 2022இல் பத்து வருடத் திட்டம் ஒன்றையும் வெளியிட்டார்கள். ஆகவே உங்கள் சபையில் காட்டும் கட்டட வரைபடத்துக்கு அனுமதி எந்த வருடம் வாங்கியது என்று முதலில் கேளுங்கள்.

பிறகு இதையும் கேளுங்கள்: அங்கே ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ பாட்டியோ சித்தியோ உயிரோடு இருக்கிறார்கள், போன வருடம் எத்தனை பேர் அவர்களிடம் திரும்பிப் போனார்கள்? நல்ல ஊழியக்காரர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள், நோட்டைத் திறந்து காட்டுவார்கள். கர்ப்பிணித் தாய்களுக்கு எச்.ஐ.வி. மருந்து கிடைக்க வழி செய்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். சிகிச்சை இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்கு நோய் தொற்றும். சிகிச்சை இருந்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கும், தாயும் பிழைப்பாள்.

அந்தப் பையனுக்கு இப்போது அந்தச் சிரப் இல்லை. டோலுடெக்ராவிர் மாத்திரை வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கானதைத் தண்ணீரில் கரைத்தால் ஸ்ட்ராபெர்ரி வாசனை வரும், ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 120 டாலருக்கும் குறைவு. போன கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். பாட்டி நன்றாகக் கூனிவிட்டார். பையன் அவர் தோள் உயரத்துக்கு நிற்கிறான், பள்ளிச் சீருடையில்.