7 கிலோ பொமரேனியன்: ஏமாந்துட்டீங்களா?

வணக்கம். பொமரேனியன்னு வாங்கின வெள்ளை நாய் இரண்டு வயசுல 7 கிலோ ஆயிடுச்சு, ஏமாத்திட்டாங்களான்னு கேட்டிருக்கீங்க. அது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்ங்கிற வேற இனமா இருக்கும். நம்ம ஊர்ல அதையும் பொமரேனியன்னுதான் சொல்றாங்க, வித்தவருக்கே தெரியாம இருந்திருக்கலாம்.

இன்றைய பொமரேனியன் சுமார் 3 கிலோதான். ஆனா பால்டிக் கடலோரப் பொமரேனியாவோட பேரைத் தாங்கி, 18ஆம் நூற்றாண்டுல சார்லட் ராணி காலத்துல இங்கிலாந்துக்கு வந்தவை நல்ல பெரிய நாய்கள். அந்தக் கால ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோ பொமரேனியன்களை வரைந்த ஓவியத்தைப் பாருங்க, அசந்துடுவீங்க! 1888ல விக்டோரியா ராணி இத்தாலியின் ஃபுளோரன்ஸ்ல வாங்கின மார்கோங்கிற பொமரேனியன் அவற்றை விடச் சின்னது. அதுக்கப்புறம்தான் குட்டியா வளர்க்கிற மோகம் கூடுச்சு. 1901ல அவங்க மரணப் படுக்கையில கூட 'டூரி'ங்கிற பொமரேனியன் பக்கத்துல இருந்தது.

எடையைக் குறைக்கணும்னு சாப்பாட்டைக் குறைச்சிடாதீங்க, ப்ளீஸ். ஸ்பிட்ஸுக்கு 7 கிலோ சரியான எடைதான்.