“இதுல நான் எங்க உட்காருவேன்?”

மேடம், வணக்கம்.

எனக்கு 53 வயது. மனைவிக்கு வருகிற மே மாதம் 50 நிறைகிறது. கல்யாணமாகி 25 வருடம். இதுவரை அவளை வெளிநாடு எங்கும் கூட்டிப்போனதில்லை. இந்த ஐம்பதையாவது சும்மா விடக்கூடாது என்று ஒரு பிடிவாதம். இடம் ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. நாலு நாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

ஏன் வியன்னா என்றால், சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி முதல் தேதி, அங்கிருந்து புத்தாண்டு இசை நிகழ்ச்சி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் கையில் துணியோடு அப்படியே வந்து நின்றாள். முடிகிற வரை நின்றபடியே பார்த்தாள். அது என் மனதில் தங்கிவிட்டது.

நாலு மாதம் அவளுக்குத் தெரியாமல் உழைத்தேன். எக்ஸெல்லில் ஒரு அட்டவணை. காலை 7.15-க்கு ஆரம்பித்து இரவு 9.30 வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். ஷோன்ப்ருன் அரண்மனை, பெல்வெடரில் கிளிம்ட்டின் ‘முத்தம்’ ஓவியம், ஸ்டீபன் தேவாலயக் கோபுரம், 1897-ல் கட்டிய ராட்சத ராட்டினம், உளவியல் மேதை ஃப்ராய்டு வாழ்ந்த வீடு (25 நிமிடம்), அந்த இசை நிகழ்ச்சி நடக்கிற மண்டபம் (வெளியே நின்று போட்டோ, 10 நிமிடம்) என்று மொத்தம் 23 இடங்கள். கடைசி நாள் ரயிலில் ஒரு மணி நேரப் பயணத்தில் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா. இன்னொரு நாட்டையும் பார்த்த மாதிரி ஆகும். அங்கிருந்து திரும்பி நேராக ஏர்போர்ட். எங்கே டிராம் ஏற வேண்டும், எங்கே கழிவறை இருக்கிறது என்பது வரை குறித்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

கடைசி நிமிடத்தில் டிக்கெட்டை நீட்டி அசத்த வேண்டும் என்று ஆசை. ஆனால் விசாவுக்கு அவளே கையெழுத்துப் போட்டு, நேரில் வந்து கைரேகையும் வைக்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. வேறு வழியில்லாமல் போன ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தாள். “நல்லாத்தான் இருக்கு. இதுல நான் எங்க உட்காருவேன்?” என்றாள். அவளுக்குக் கொஞ்சநாளாக முட்டிவலி உண்டு. அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, “டிராம்ல சீட் இருக்கும்” என்றேன். ஒன்றும் பேசாமல் தாளை மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். புதன்கிழமை ராத்திரி, “நீங்க வேணா யாராவது ஃபிரெண்டோட போய்ட்டு வாங்க. எனக்கு ஆசையில்ல” என்றாள். எனக்குத் தாங்கவில்லை. “உனக்காகத்தானே நாலு மாசம் மெனக்கெட்டேன்” என்று சத்தம் போட்டுவிட்டேன். அதிலிருந்து “சாப்பாடு ரெடி”, “வரேன்” என்ற அளவில்தான் பேச்சு.

இதுவரை ஹோட்டல் மட்டும்தான் பதிவு செய்திருக்கிறேன்; ரத்து செய்தால் பணம் திரும்ப வந்துவிடும். பையன், “பேசாம கேன்சல் பண்ணிடுங்கப்பா” என்கிறான்.

என் மாமியார் மூன்று வருடம் எங்களோடு இருந்து, போன ஆகஸ்டில் தவறிவிட்டார். அப்போதிலிருந்தே இவள் கொஞ்சம் டல்தான். ஒரு மாற்றமாக இருக்குமே என்றும் நினைத்தேன்.

நான் எதில் தப்பு செய்தேன் மேடம்?

– பெயர் வேண்டாம்

---

அன்புள்ள சகோதரருக்கு,

சிரிக்க வேண்டாம் என்றீர்கள், சிரித்துவிட்டேன். கழிவறைக் குறிப்புக்கு அல்ல, அது உண்மையிலேயே உபயோகமானது. சிரித்தது ஃப்ராய்டு வீட்டுக்கு. பெர்க்காஸே தெரு 19-ஆம் எண் வீட்டில் அவர் 1891 முதல் 1938 வரை 47 வருடம் இருந்தார். நீங்கள் 25 நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். என் தொழிலுக்கு அவ்வளவுதான் மரியாதை போலிருக்கிறது! இன்னொன்றும் சொல்கிறேன். அவரிடம் வந்தவர்கள் சாய்ந்துகொண்டு மனதைத் திறந்து பேசினார்களே, அந்தச் சாய்விருக்கை இப்போது அங்கே இல்லை. நாஜிகள் வந்தபின் அவர் லண்டனுக்குத் தப்பிப் போனபோது அதுவும் போய்விட்டது. ஆக, அங்கேயும் உங்கள் மனைவிக்கு உட்கார இடமில்லை.

அவர் கேட்ட கேள்வியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். முட்டிவலி நிஜம், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்திலேயே பாருங்கள். புத்தாண்டு அன்று ஒரு மனுஷி துணியும் கையுமாக நின்றபடி ஒரு நிகழ்ச்சி முழுவதையும் பார்த்திருக்கிறார். அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிற நிகழ்ச்சி. உட்கார வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை. நீங்கள் அதை அன்போடு நினைவு வைத்திருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் மூன்று வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டார். நீங்கள் எழுதாவிட்டாலும், ராத்திரி எழுந்தது யார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அப்படிப்பட்டவர் கையில் காலை 7.15 என்று ஆரம்பிக்கிற தாளைக் கொடுத்தால், அவர் கண்ணுக்கு அது இன்னொரு வேலை நாளாகத்தான் தெரியும். வேலை நடக்கிற ஊர் மட்டும் வேறு.

நெதர்லாந்தில் யெரூன் நவெய்ன் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2010-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 1,530 பேரிடம் கேட்டார்கள். அதில் 974 பேர் விடுமுறைக்கு வெளியூர் போனவர்கள். போகாதவர்களைவிடப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். திரும்பி வந்தபின் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. போன இடத்தில் மிக நிதானமாக ஓய்வெடுத்தவர்களுக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் கொஞ்சநாள் நீடித்தது.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு பயணத்தின் சந்தோஷத்தில் பெரிய பங்கு அதற்காகக் காத்திருப்பதில் இருக்கிறது. நாலு மாதம் ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தெருத்தெருவாக வரைபடத்தில் நடந்து, டிராம் நேரம் பார்த்து அந்தப் பங்கை முழுக்க நீங்கள் ஒருவரே அனுபவித்துவிட்டீர்கள். மிச்சமிருந்த நடையை மட்டும் அவரிடம் கொடுத்தீர்கள். ரகசியம் வைப்பதில் இருக்கிற சிக்கல் இதுதான். விசா கைரேகை உங்கள் ரகசியத்தை உடைத்தது என்று வருத்தப்பட்டீர்கள். எனக்கென்னவோ, அந்தக் கைரேகை விதி உங்கள் மனைவி பக்கம் பேசியதாகத்தான் படுகிறது.

சரி, அந்த இசை மண்டபத்துக்கு வருவோம். இந்த ஊரையே நீங்கள் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். அட்டவணையில் அதற்குக் கிடைத்தது பத்து நிமிடமும் ஒரு போட்டோவும். அதுவும் வெளியே நின்று! 23 இடங்களில் அவர் மனதிலிருந்து வந்தது அது ஒன்றுதானே? மற்ற 22 இடங்களும் ‘ஊருக்குப் போனால் பார்க்க வேண்டியவை’ என்று யாரோ சொன்னவை. கோபித்துக்கொள்ளாதீர்கள், பாசத்தில் குறையே இல்லாத ஒரு தாளில் அவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவரும் அதைத்தான் தேடியிருப்பார் என்று நினைக்கிறேன்.

“உனக்காகத்தானே” என்று சத்தம் போட்டது பற்றி ஒன்றே ஒன்று. அந்த வார்த்தை வந்த நிமிடம் பரிசு கடனாக மாறிவிடுகிறது. அவர் இப்போது பயணத்துக்கு வந்தால் கடனைத் தீர்க்க வந்ததாகிவிடும், வராவிட்டால் நன்றிகெட்டவர். இரண்டுக்கும் நடுவில் அவர் மௌனமாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இனி, கடிதத்தின் கடைசியில் நீங்கள் ஒட்டவைத்த நாலு வரி. எனக்கு அதுதான் முதல் வரி.

பிறந்தநாள் என்பது இரண்டு பேருடைய நாள். பிறந்தவருக்கு அந்த நாள் துளியும் நினைவில்லை. அதை நினைவு வைத்திருந்தவர் பெற்றவர்தான். எத்தனை மணிக்குப் பிறந்தாய், எப்படி அழுதாய் என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி போன ஆகஸ்டில் போய்விட்டார். அதற்குப் பிறகு வருகிற முதல் பிறந்தநாள் இது. அதுவும் 50. அம்மா போனதும் தலைமுறை வரிசையில் தான் முன்னால் வந்து நிற்பதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மனைவிக்கும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் கேட்கவில்லை. ‘டல்’ என்று எழுதினீர்கள். அதற்குத் துக்கம் என்று பெயர். ஊர் மாற்றினால் அது விட்டுப்போகும் என்று நினைக்க வேண்டாம். பெட்டியோடு கூடவே வரும். வந்தால் வரட்டும். வியன்னாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவர் அம்மாவைப் பற்றிப் பேசி அழுதால் பயணம் கெட்டுப்போனதாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். தூக்கம், பசி, ஆர்வம் எல்லாமே வாரக்கணக்கில் போயிருந்தால் மட்டும் நேரில் ஒரு நிபுணரைப் பாருங்கள். மாதவிடாய் நிற்கிற வயதும் பெரும்பாலும் 45-லிருந்து 55-க்குள்தான் வருகிறது. தூக்கமும் மனநிலையும் அதிலும் ஆட்டம் காணும். ஒரு மருத்துவரிடம் பேச ஒப்புக்கொள்கிறாரா என்று மென்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது என்ன செய்வது? இன்றைக்கே கேன்சல் செய்ய வேண்டாம். அதுவும் ஒருவகையில் கோபம்தான். மன்னிப்பை நீட்டி முழக்காமல் சுருக்கமாகக் கேளுங்கள். அவர் பாத்திரம் துடைக்கும்போது துணியை நீங்கள் வாங்கிக்கொண்டு, “அந்தப் பேப்பரை விடு. நீ எங்க உட்காரணும்னு சொல்லு, அங்கிருந்து ஆரம்பிக்கலாம்” என்று சொன்னால் போதும். அன்றைக்கே பதில் வராது. வியன்னா வேண்டாம், எங்கேயும் வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவும் ஐம்பதாவது பிறந்தநாளில் ஒருவருக்கு உரிமை உண்டு.

நேரம் இருக்கிறது, அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிக்கல் வந்தால் 45 நாள் வரை இழுக்கும். அதனால் மார்ச் வரைக்கும் அவரை யோசிக்க விடலாம். விசா வரும் முன் பணம் திரும்பாத விமான டிக்கெட் எதையும் வாங்கிவிடாதீர்கள். அதைக் காட்டி “டிக்கெட் எடுத்தாச்சே” என்று அவரை நெருக்குகிற சபலம் உங்களுக்கு வரும்.

அவர் சரி என்று சொன்னால், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. தெரிந்தோ தெரியாமலோ உட்காருவதற்கே பேர்போன ஊரைப் பிடித்திருக்கிறீர்கள். வியன்னாவின் காபி ஹவுஸ்களில் ஒரே ஒரு காபியை வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம். சின்ன வெள்ளித்தட்டில் காபியோடு ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரும் வரும். செய்தித்தாளை மரச்சட்டத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். எழுந்திரு என்று யாரும் முகத்தைக் காட்டமாட்டார்கள். அந்த வழக்கத்தையே 2011-ல் ஆஸ்திரியா தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. உங்கள் அட்டவணையில் அப்படி ஒரு கட்டம்கூட இல்லை.

முட்டிக்கு: ஸ்டீபன் தேவாலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 343 படிகள். வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது.

பிராட்டிஸ்லாவாவை எடுத்துவிடுங்கள். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993-ல் 32 பேரைக் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். ஒருமுறை 60 விநாடி. இன்னொருமுறை அதே 60 விநாடியோடு இன்னும் 30 விநாடி, ஆனால் அந்தக் கடைசி 30 விநாடியில் குளிர் சற்றுக் குறைந்தது. எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது 22 பேர் நீளமானதையே கேட்டார்கள். முடிவு எப்படி இருந்ததோ அந்த ருசிதான் நாக்கில் நிற்கிறது. எல்லை தாண்டி ஓடி, மூச்சிரைக்க ஏர்போர்ட்டில் வரிசையில் நிற்பதா அவருடைய வியன்னாவின் கடைசி ருசி? அந்த நாளில் எதுவும் வேண்டாம்.

அப்புறம் அந்த மண்டபம். மூசிக்ஃபெரைன் என்று பெயர், 1870-ல் திறந்தது. மே மாதத்திலும் அங்கே கச்சேரிகள் உண்டு. நிகழ்ச்சி நிரலை நீங்கள் பார்க்க வேண்டாம், அவரையே பார்க்கச் சொல்லி, அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். டிக்கெட் மட்டும் நீங்கள் எடுங்கள். கவனம், அங்கே நின்று கேட்கிற டிக்கெட்டும் விற்கிறார்கள். அதை எடுத்துவிடாதீர்கள்.

மற்றபடி 23-ல் எதை வைப்பது, எதை அடிப்பது என்று பேனாவை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஃப்ராய்டு வீட்டை அடித்தாலும் எனக்கு வருத்தமில்லை.