ஜன்னல் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் கோடு விழாமல் சுத்தம் செய்வது எப்படி?

பழைய துணியும் ஸ்ப்ரே பாட்டிலும் வைத்துத் துடைப்பதாகவும், துடைத்த அன்று பளிச்சென்று இருந்த கண்ணாடி மறுநாள் வெயில் பட்டதும் கோடு கோடாகத் தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெளிப்பக்கம் எப்படிச் செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் பல வருடம் இதே சிக்கலில் இருந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்த சமயம், வெளியே பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டோம். ஒருநாள் காலையில், "மேகமா இருக்கே, இன்னிக்குத் துணி காயுமா?" என்று கேட்டார். வெளியே நல்ல வெயில். கண்ணாடிதான் அவ்வளவு மங்கிக் கிடந்தது. வாரம் தவறாமல் நான் துடைத்துவந்த கண்ணாடி அது. மனசு கஷ்டமாகிவிட்டது. நடக்க முடியாத ஒருவருக்கு அந்த ஜன்னல்தானே உலகம். அன்றிலிருந்துதான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்பது. துணியால் தேய்க்கும்போது அழுக்கு கண்ணாடியை விட்டுப் போவதில்லை, தண்ணீரில் கரைந்து பரவத்தான் செய்கிறது. அந்தத் தண்ணீர் காய்ந்ததும் அதிலிருந்த உப்பு, சோப்பு, தூசி எல்லாம் கண்ணாடியிலேயே தங்கிவிடுகின்றன. அதுதான் கோடு. ஆக, வேலை தேய்ப்பதில் இல்லை. அழுக்கை ஊறவைத்து, அந்தத் தண்ணீர் காய்வதற்குள் கண்ணாடியை விட்டு மொத்தமாக இறக்கிவிட வேண்டும். வெயில் நேராக அடிக்கும் கண்ணாடியைத் தொடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். சூடான கண்ணாடியில் தண்ணீர் நம் கையை விட வேகமாகக் காய்ந்துவிடும். காலை, மாலை, அல்லது மேகம் மூடிய நாள் நல்லது.

வெளிப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இருப்பது பெரும்பாலும் மண் தூசி. அதை உலர்ந்த துணியால் ஒருபோதும் தேய்க்காதீர்கள். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், பொருள்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவுகோலில் 7. சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு ஐந்தரையை ஒட்டித்தான் வரும். அதாவது நாம் துடைப்பதாக நினைத்துக் கீறிக்கொண்டிருப்போம். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மெல்லிய வளைவுகள் நூல் நூலாகத் தெரியும். என் கை வீசிய வீச்சு அப்படியே அதில் பதிந்திருக்கிறது. அவற்றை இனி எந்தத் திரவத்தாலும் எடுக்க முடியாது.

அதனால் கண்ணாடிக்குப் போவதற்கு முன் சுற்றியிருப்பதை முடித்துவிட வேண்டும். கொசுவலையைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். கம்பி, சட்டம், மூலை ஒட்டடை எல்லாவற்றையும் உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால் கீழே இருக்கும் ட்ராக்கைத் தண்ணீர் ஊற்றாமல் முதலில் சுத்தம் செய்யுங்கள். பெயின்ட் பிரஷால் தூசியைக் கிளறிவிட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் பாதி வேலை முடிந்தது. எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் தூசி சேறாகி மூலைகளில் அப்பிக்கொள்ளும். ட்ராக்கின் வெளி ஓரத்தில் சின்னத் துளைகளோ பிளவுகளோ இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்காக வைத்தவை அவை. அடைத்துக்கொண்டால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். ஒரு குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள்.

இப்போது கண்ணாடி. நாலு லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் நாலைந்து சொட்டு போதும். நுரை பொங்க வேண்டும் என்று நினைத்து அதிகம் ஊற்றுவதுதான் பாதிக் கோடுகளுக்குக் காரணம். ஸ்பாஞ்சால் கண்ணாடி முழுக்க நனைத்து அரை நிமிடம் ஊறவிடுங்கள். மறுபடி நனைத்து, மூலைகளை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேயுங்கள்.

அடுத்து ரப்பர் வைப்பர். இன்று நாம் பார்க்கும் ஒற்றை ரப்பர் வைப்பருக்கு எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர் 1930களில் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். தொழிலாக ஜன்னல் துடைப்பவர்கள் கையில் இன்றும் அந்த வடிவம்தான் இருக்கிறது. எத்தனையோ துணி, எத்தனையோ திரவம் வாங்கிப் பார்த்துவிட்டேன், இந்த ஒரு பொருள் செய்யும் வேலையை எதுவும் செய்யவில்லை. பயன்படுத்தும் முறை இதுதான். கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ரப்பரை லேசாக நனைத்து, அந்த உலர்ந்த பட்டையில் வைத்து, கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஒரே அழுத்தத்தில் கீழே வரை இழுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்திய இடத்தில் ஒரு கோடு நின்றுவிடும். கீழே வந்ததும் ரப்பரைத் துணியில் துடையுங்கள். அடுத்த இழுப்பு முந்தைய இழுப்பின் மேல் இரண்டு விரல் அகலம் ஏறிவர வேண்டும். சரியாக இழுத்தால் ரப்பருக்குப் பின்னால் ஒரு மெல்லிய பனிப்படலம் போல வந்து இரண்டே நொடியில் மறையும். அதைப் பார்த்தால் கை பழகிவிட்டது என்று அர்த்தம். ரப்பர் "கிறீச்" என்று கத்தினால் கண்ணாடியில் ஈரம் போதவில்லை. கடைசியில் நாலு ஓரத்திலும் நிற்கும் தண்ணீரை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நடுவில் கை வைக்க வேண்டாம்.

துணி என்றால் மைக்ரோஃபைபர். அதைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். அதிலிருக்கும் எண்ணெய்த்தன்மை துணியில் தங்கி, அங்கிருந்து கண்ணாடிக்கு வந்துவிடும். செய்தித்தாள் பற்றிப் பலரும் சொல்வார்கள். பளபளப்பு வரும்தான், ஆனால் மை கையிலும் வெள்ளைச் சட்டத்திலும் ஒட்டும். நான் விட்டுவிட்டேன்.

உள்பக்கம் வேறு கதை. அங்கே மண் குறைவு, பிசுக்குதான் அதிகம். சமையல் புகை, கைரேகை, மூச்சுக்காற்று எல்லாம் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமாகப் படிந்திருக்கும். உங்கள் ஸ்ப்ரே பாட்டிலுக்கு இதுதான் சரியான இடம். கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் அடித்தால் மரச் சட்டத்திலும் சுவரிலும் வழியும். ஒரு துணியால் பிசுக்கை எடுத்து, உடனே இன்னொரு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஒரே துணியால் இரண்டையும் செய்தால் பிசுக்கு இடம்தான் மாறும். சமையலறை ஜன்னலில் மட்டும் முதலில் சோப்புத் தண்ணீர் போட்டுவிட்டு அப்புறம் இதைச் செய்கிறேன். முடிந்ததா என்று பார்க்கக் கண்ணாடியில் வாயால் ஊதுங்கள். ஆவி சீராகப் படிந்து மறைந்தால் சுத்தம். திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. கூலிங் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியாக இருந்தால் அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், ஃபிலிம் கெட்டுப்போகும்.

வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை இருந்தால் சோப்பு கேட்காது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, அதில் டிஷ்யூ பேப்பரை நனைத்துக் கறையின் மேல் ஒட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சுண்ணாம்பு உப்பு இளகிவிடும், பிறகு நல்ல தண்ணீரால் அலசி எடுங்கள். ஜன்னல் திண்டு மார்பிளாக இருந்தால் ஒரு துளிகூட அதில் விழக் கூடாது, வினிகர் மார்பிளை அரித்துவிடும். இன்னொன்று, வினிகரோடு ப்ளீச் கலக்கவே கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். அம்மோனியாவோடு ப்ளீச் சேர்ந்தாலும் விஷ வாயுதான். வினிகருக்கும் போகாத கறை என்றால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. அதை சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி போட்டு மெருகேற்றத்தான் வேண்டும், தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் நடுவே ஆவி பிடித்ததுபோல இருந்தால் துடைத்துப் பயனில்லை. ஓரத்து அடைப்பு விட்டுப்போய் ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது, அந்தக் கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும்.

மாடியில் இருப்பவர்களுக்குக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஜன்னல் திண்டில் ஏறி நிற்காதீர்கள், இடுப்புக்கு மேல் உடம்பை வெளியே விடாதீர்கள். உள்ளே நின்றபடி நீளக் கைப்பிடி வைப்பருக்கு எட்டும் வரை போதும். காந்த வைப்பர் என்பது கண்ணாடியின் உள்ளேயும் வெளியேயும் காந்தத்தால் ஒட்டி நிற்கும் இரண்டு பாதிகள், உள்ளே இருப்பதை நகர்த்தினால் வெளியே இருப்பதும் கூடவே நகரும். அதை வாங்குவதானால் உங்கள் கண்ணாடியின் தடிமனுக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஒட்டாது. வெளிப்பாதியில் ஒரு கயிறு இருக்கும், அதை உள்ளே எதிலாவது கட்டிவிட்டே தொடங்குங்கள், கீழே யாராவது நடந்துபோவார்கள். எட்டாத கண்ணாடியை அந்த வேலை தெரிந்தவர்களிடம் விடுங்கள், ஒரு கண்ணாடி அழுக்காக இருப்பதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இந்த வாரம் துடைக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக, உள்பக்கம் இடமிருந்து வலமாகத் துடையுங்கள். மறுநாள் வெயிலில் கோடு தெரிந்தால், அது படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கத்தை மறுபடி துடைப்பது என்று உடனே தெரிந்துவிடும்.